குதிகால் நோவு: காரணமும் பரிகாரமும்

(கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தையும் போனசையும் பற்றிப் பேசுகிற இந்த மேடையில் இன்று குதிகாலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சில தோழர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் இந்தப் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியதை நான் பார்த்தேன். ஆகவே துணிந்து பேசுகிறேன்.

நான் வைத்தியன் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, செக்ரோல் எழுத வந்தவன். ஆனால் இந்த நோவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கடன் ஏற்பட்டது. அந்தக் கடன் என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மரம் சீவும் அக்கா ஒருவர். வயது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். இருபது வருடமாகப் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஒரு மழைக்காலத்தில் அவர் தாமதமாக வரத் தொடங்கினார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். நொண்டிக்கொண்டே வருவார். மண்டோர் முணுமுணுப்பார். நான் செக்ரோலில் ‘தாமதம்’ என்று எழுதுவேன். எட்டு மணிக்கு மண்டோர் நிரைக்குப் போய்ப் பார்த்தால், அந்த அக்கா எல்லோரையும் போல நடந்து மரம் சீவிக்கொண்டிருப்பார். ‘பார்த்தீர்களா கிராணியாரே, காலையில் நொண்டல், எட்டு மணிக்கு ஓட்டம்! எல்லாம் பாசாங்கு’ என்று மண்டோர் வந்து சொல்வார். நானும் அதை நம்பினேன். இரண்டு மாதம் எழுதினேன். அதனால் அவருடைய வருகைப் படி போயிற்று.

ஒருநாள் மாலை, ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். எழுந்தவர் நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றாமல், விரல் நுனியில் நான்கு எட்டு வைத்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

“என்னக்கா காலில்?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க, குதிவாதம். நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும். காலையிலதான் உசிரு போகுது. பெரட்டுக்கு வர வழியில மூணு இடத்துல நின்னு வர்றேன்” என்றார்.

தோழர்களே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் என் தாயாரை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்த டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை என்னைச் சுட்டது. “காலையில் எழுந்ததும் வைக்கும் முதல் எட்டில் குத்தும். நடக்க நடக்கக் குறையும். வேலை முடிந்து மாலையில் மறுபடியும் வலிக்கும். இதுதான் அந்த நோவின் அடையாளம்” என்றார். நாங்கள் எதைப் பாசாங்குக்குச் சாட்சி என்று நினைத்தோமோ, அதுவேதான் நோவுக்குச் சாட்சி! நோயாளியையே பொய்யராகக் காட்டிவிடுகிற நோவு இது. நான் சொல்ல வந்த முக்கியமான சேதியும் இதுதான்.

இனி இந்த நோவு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

உங்கள் பாதத்தை ஒரு வில்லாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வளைந்திருக்கும் எலும்புகள் வில். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரையில் உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை நாண். ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் வில்லை அமுக்குகிறது, நாண் இழுபடுகிறது. குதிகாலைத் தூக்கி, விரலை மடக்கி முன்னே தள்ளும்போது இன்னும் இறுகுகிறது. நம் கையில் தினமும் புழங்கும் ரப்பரைப் போல இந்த நார் இழுபடாது. இது கயிற்றைப் போன்றது. அளவுக்கு மீறி, ஆற நேரமின்றி, நாள்தோறும் இழுத்தால், குதிகால் எலும்பில் ஒட்டியிருக்கிற இடத்தில் நைந்து போகிறது. இரவில் ஓய்வாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கிறது. காலையில் திடீரென்று பாரத்தை ஏற்றியதும் அந்த நைந்த இடம் இழுபட்டுக் குத்துகிறது. குதிகால் வலிக்குப் பல காரணங்கள் இருந்தாலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்பது மருத்துவர்களின் மதிப்பு. 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில்தான் அதிகம்.

கிராணிப் புத்தி கணக்கில்தான் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிரைக்கு 600 மரம் என்று வைப்போம். மரத்துக்கு மரம் ஐந்து எட்டுத்தான் என்றாலும் சீவுவதற்கு 3,000 எட்டு. பால் எடுக்க மறுபடியும் 3,000 எட்டு. ஆக 6,000. அதில் பாதி வலது கால், பாதி இடது கால். ஆளின் எடை 60 கிலோ என்றால், ஒரு குதிகால் ஒருநாளில் தாங்குவது 3,000 முறை 60 கிலோ. அதாவது 180,000 கிலோ, 180 டன்! பத்து டன் லாரி பதினெட்டு! வாளியின் பாரம், மேட்டு நிலம், வீட்டு வேலை, கடைக்குப் போகும் நடை எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

அதோடு நம் வேலையின் தன்மையையும் பாருங்கள். பட்டை கீழே இருந்தால் குனிய வேண்டும், குந்த வேண்டும். பட்டை மேலே போனால் எட்டிச் சீவ விரல் நுனியில் நிற்க வேண்டும். மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் இறுகுகிறது. இறுகிய கெண்டைக்கால் குதிகாலைப் பின்னாலிருந்து இழுக்கிறது. போட்டிருப்பதோ அடி தேய்ந்த மெல்லிய ரப்பர் சப்பாத்து. வீட்டுக்கு வந்தால் சிமெண்டுத் தரையில் வெறுங்கால். அதிகமான உடல் எடையும் ஒரு பெரிய காரணம். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியை நாளுக்கு ஐந்து தடவை குடிக்கும் நாம் அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆக, இது தலைவிதி அல்ல. செய்வினையும் அல்ல. சோம்பேறித்தனம் அறவே அல்ல. காலுக்குக் கொடுக்கும் வேலைக்கும், கால் ஆறுவதற்குக் கொடுக்கும் நேரத்துக்கும் கணக்கு ஒத்துப் போகவில்லை என்பதே காரணம்.

இனி பரிகாரம்.

முதலில் தைரியம் சொல்கிறேன். இந்த நோவு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமலே குணமாகிவிடுகிறது. ஆனால் பொறுமை வேண்டும். இரண்டு நாள் செய்துவிட்டு விடுகிறவர்களுக்குப் பலன் கிடைக்காது. மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தருகிற அம்மையார் அந்த அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒன்று. காலையில் கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றத் தொடையின் மேல் போடுங்கள். கையால் கால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். மறுகையால் உள்ளங்காலைத் தடவினால் அந்த நாண் விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. பிறகுதான் எழ வேண்டும். இதையே நாளுக்கு மூன்று தடவை செய்ய வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்னாலும் செய்யலாம்.

இரண்டு. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தூக்காமல், உடம்பை முன்னே சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். முப்பது எண்ணும்வரை நில்லுங்கள். மூன்று முறை.

மூன்று. நோவு சற்றுத் தணிந்த பிறகு, படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, எதையாவது பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, அப்படி மூன்று தடவை. இது நாருக்கு வலுவைத் தருகிறது. இதைத் தினமும் செய்யக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

நான்கு. வேலை முடிந்து வந்ததும், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த போத்தலைத் துணியில் சுற்றித் தரையில் போட்டு, உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள்.

ஐந்து. அடி தேய்ந்த சப்பாத்தைத் தூக்கி எறியுங்கள். குதிகாலுக்கு அடியில் மெத்தென்ற திண்டு ஒன்றை வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். வீட்டுக்குள்ளும் கனமான அடியுள்ள சிலிப்பர் போட்டு நடங்கள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ‘குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். நோவே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. முள் இல்லாத பலருக்கு நோவு இருக்கிறது. முள்ளை வெட்டினால்தான் தீரும் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுந்து போகவும், குதிகாலின் மெத்தை தேய்ந்து போகவும் இடமுண்டு. வலி மாத்திரை ஒரு சில நாளைக்கு உதவும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பெயர் தெரியாத ஜாமு மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்பது பிடிபட்டிருக்கிறது. சுகாதார அமைச்சும் பலமுறை எச்சரித்திருக்கிறது.

இங்கே ஒரு துயரச் சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைத்து அழுத்துவது நம் பாட்டிமார் கைவைத்தியம். இதமான சூட்டால் சற்றுச் சுகம் கிடைப்பது உண்மைதான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் இப்படித்தான் செய்தார். அவருக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவினால் பாதம் மரத்துப் போயிருந்தது. கல் சுடுவது அவருக்குத் தெரியவில்லை. தோல் வெந்து, புண்ணாகி, புரையோடி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் சூட்டுக் கல்லையும் உறைந்த போத்தலையும் தொடவே வேண்டாம். இரவில் படுக்கப் போகுமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாக் குதிகால் வலியும் நான் சொன்ன நார்க் கோளாறு அல்ல. விழுந்த பிறகோ திடீரென்றோ காலை ஊன்றவே முடியாமல் போனால் எலும்பில் விரிசல் இருக்கலாம். குதிகால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால் உள்ளே சீழ் இருக்கலாம். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது ஒருவகை மூட்டு வாதமாக இருக்கலாம். படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தாலும் தாமதிக்கக் கூடாது. இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். வேலையில் வழுக்கி விழுந்து அடிபட்டிருந்தால் அன்றே ஆபீசில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நாம் சொக்சோ என்று சொல்கிறோமே, அதன்கீழ் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

‘டாக்டரிடம் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடுமே’ என்பீர்கள். போகாது. தீபகற்பத்தில் நடைமுறையில் இருக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பைத் தந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள். இரண்டு வருடம் முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள்வரை. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாகிவிடும். இது யாரும் போடும் பிச்சையல்ல; சட்டம். நம் பக்கத்து நிரையில் மரம் சீவும் வங்காளதேசத்துத் தோழருக்கும் நேப்பாளத் தோழருக்கும் இதே சட்டம்தான். மொழி தெரியாத அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதும் நம் கடமை.

தோழர்களே! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பால்மரத்தைத் தினமும் சீவுகிறோமா? ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுகிறோம். சில தோட்டங்களில் இரண்டு நாள் விட்டுச் சீவுகிறோம். ஏன்? ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும் என்று துரைமாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் மரம் ஓய்வெடுக்கும் நாளில் அதைச் சீவிய ஆள் என்ன செய்கிறார்? அடுத்த நிரைக்குப் போகிறார். மரத்துக்குக் கிடைக்கிற ஓய்வு மனிதன் காலுக்குக் கிடைக்கவில்லை. பட்டையைக் காக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பாதத்தைக் காக்கத் தெரியாதா?

ஆகவே இக்கிளையின் மூலம் மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைக்கலாம் என்று கருதுகிறேன். ஒன்று, மரம் சீவுவோர் அனைவருக்கும் நல்ல அடியுள்ள சப்பாத்து; தேய்ந்ததும் மாற்றித் தர வேண்டும். இரண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால், நோவு தணியும்வரை மேட்டு நிரையிலிருந்து சமதரை நிரைக்கு மாற்றம். மூன்று, பால் நிறுக்கும் இடத்தில் காத்து நிற்கிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் இயன்றவரை காக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. ஒரு பெஞ்சு போடுவதால் எந்தத் தோட்டமும் நொடித்துப் போகாது.

கடைசியாக என் சகோதரக் கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. நாம் எழுதுகிற ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் அரிசி குறைகிறது. நான் அந்த அக்காவுக்குத் ‘தாமதம்’ என்று எழுதியது விதிப்படி சரி, நியாயப்படி தவறு. விசயம் தெரிந்த பிறகு நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து படி கிடைத்தது. முன்பு பிடித்த இரண்டு மாதப் படி திரும்பவில்லை. அதை நான் என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. “நீங்க கேட்டீங்களே, அது போதும்” என்றார். அந்த வார்த்தையைத் தாங்குவது எனக்குச் சுலபமாக இல்லை. கேட்பதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்ததே!

அவர் அந்தப் பயிற்சிகளை விடாமல் செய்தார். சப்பாத்தை மாற்றினார். ஏழு மாதத்தில் நோவு பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது மறுபடியும் பெரட்டுக்கு முதல் ஆள் அவர்தான். இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்; பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளை!

நாளைக் காலை உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், சிரிக்காதீர்கள். செக்ரோலில் எழுதுமுன், “காலில் என்ன?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.